பிட்காயின் வலைப்பின்னலில் ஸ்பேம் வடிகட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணப் பரிமாற்றத்தோடு தொடர்பில்லாத படங்களும் டோக்கன் குறிப்புகளும் பரிவர்த்தனைகளைத் தொகுத்து வைக்கும் பிட்காயின் பிளாக்குகளில் பெருமளவில் குவியத் தொடங்கியது 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அவற்றைக் கணுக்கள், அதாவது பிட்காயின் மென்பொருளை இயக்கிப் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் கணினிகள், தடுக்க வேண்டுமா, தடுக்கத்தான் முடியுமா என்ற வாக்குவாதம் 2025-இல் முற்றியது. பிட்காயின் கோர் மென்பொருளை நடத்துவோர் ஒரு பக்கமும் பிட்காயின் நாட்ஸ் மென்பொருளை நடத்துவோர் மறுபக்கமுமாக நிற்கும் அளவுக்கு அது போய்விட்டது. இரு பக்கத்திலும் பிட்காயினின் நலனை நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த விதி எங்கே செயல்படுகிறது, எந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் பாதிச் சண்டை வருகிறது என்பது என் கருத்து. இங்கே அவற்றைப் பிரித்துக் காட்ட முயன்றிருக்கிறேன். என் முடிவுகளையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

ஸ்பேம் என்று இங்கே எதைச் சொல்கிறார்கள்?

சொல் மின்னஞ்சலிலிருந்து வந்தது. கேளாமல் வரும் விளம்பர அஞ்சலை அனுப்புகிறவருக்கு ஏறக்குறைய ஒரு செலவும் இல்லை; பெறுகிறவருக்குத்தான் நேரம் வீணாகிறது. அனுப்பும் கணினி சிறிது உழைத்தால்தான் அஞ்சல் ஏற்கப்படும் என்று செய்துவிட்டால் இந்த நிலை மாறும் என்று கருதி, 1997-இல் ஆடம் பேக் ஹேஷ்கேஷ் என்ற முறையை உருவாக்கினார். பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ தம் வெள்ளையறிக்கையில் எடுத்துக்காட்டிய முன்னோடி வேலைகளில் அதுவும் ஒன்று. ஸ்பேமை எதிர்க்கப் பிறந்த கருவிதான், புதிய பிளாக்குகளை உருவாக்கும் வேலையான பிட்காயின் மைனிங்கின் வேர் என்பதை இந்த விவாதத்தில் இரு தரப்பும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

பிட்காயினிலோ ஒவ்வொரு பரிவர்த்தனையும் கட்டணம் கட்டியே பிளாக்கில் ஏறுகிறது. ஆகவே, விதிக்கு உட்பட்டு, கட்டணமும் கட்டிய ஒன்றை ஸ்பேம் என்று எப்படிச் சொல்லலாம் என்று ஒரு தரப்பு கேட்கிறது. பணத்தை மாற்றிக்கொடுக்கும் நோக்கமே இல்லாமல், பிளாக்செயினை இலவசக் கிடங்காகப் பயன்படுத்தும் தரவு எதுவும் ஸ்பேம்தான் என்று மறுதரப்பு சொல்கிறது.

எனக்கு இரண்டு வரையறையுமே நிறைவளிக்கவில்லை. கட்டணம் முழுவதும் போய்ச் சேர்வது மைனிங் செய்வோருக்கு. அந்தத் தரவைப் பதிவிறக்கி, சரிபார்த்து, அடுத்தவருக்குக் கடத்தி, பல ஆண்டுகள் வைத்திருக்கும் கணுவுக்கு ஒரு சடோஷிகூட (ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) கிடைப்பதில்லை. கட்டணத்தில் அடங்காத சுமையைக் கணுக்களின் மேல் ஏற்றுவது எதுவோ அதுவே கவலைப்பட வேண்டியது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சில படங்கள் பெரிய தீங்கில்லாதவையாகவும், பார்வைக்கு எளிய சில டோக்கன் பரிவர்த்தனைகள் மிகப் பெரிய தீங்காகவும் தெரிகின்றன. பின்னால் இதற்குத் திரும்புவோம்.

ஒரு கணு பரிவர்த்தனையை “மறுக்கிறது” என்றால் என்ன பொருள்?

இதில்தான் குழப்பம் தொடங்குகிறது. கணுவில் இரண்டு வகை விதிகள் இருக்கின்றன.

முதல் வகை கன்சென்சஸ் விதிகள். கையொப்பம் சரியா, ஒரே காசு இரண்டு முறை செலவாகிறதா, பிளாக்கின் எடை 40 லட்சம் அலகுக்குள் இருக்கிறதா என்பன போன்றவை. இவற்றை மீறும் பரிவர்த்தனையைச் சுமந்த பிளாக் முழுவதையுமே கணு தள்ளிவிடும். எல்லோரும் ஒரே விதிகளைப் பின்பற்றினால்தான் எல்லோரிடமும் ஒரே கணக்கேடு இருக்கும். யாராவது தனியாக மாற்றினால் சங்கிலி பிளவுபடும்.

இரண்டாம் வகை பாலிசி எனப்படும் உள்விதிகள். பிளாக்கில் இன்னும் ஏறாத பரிவர்த்தனை வந்தால், அதைத் தன் மெம்பூலில், அதாவது காத்திருப்புப் பட்டியலில், சேர்க்கலாமா, பக்கத்துக் கணுக்களுக்குக் கடத்தலாமா என்று ஒவ்வொரு கணுவும் தனக்குத்தானே முடிவு செய்கிறது. இது கணுவுக்குக் கணு வேறுபடலாம். வேறுபட்டாலும் சங்கிலி பிளவுபடாது. ஏனென்றால், உள்விதிக்குப் பிடிக்காத அதே பரிவர்த்தனை எங்கோ ஒரு பிளாக்கில் ஏறி வந்துவிட்டால், வடிகட்டும் கணுவும் அதை மறுபேச்சின்றி ஏற்றுத் தன் வட்டில் எழுதிக்கொள்ளும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் புதிதாகக் கணு நடத்த வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். “வடிகட்டியை இயக்கிவிட்டேன், என் கணினியில் இனி அந்தப் படங்கள் சேராது” என்று நம்புவோர் பலர். அப்படி எதுவும் நடப்பதில்லை. வடிகட்டி தடுப்பது உறுதிப்படாத பரிவர்த்தனையின் பயணத்தை மட்டுமே.

இது புதிய சண்டையா?

இல்லை. 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கிலேயே ஒரு நாளிதழின் தலைப்புச் செய்தி பதிந்திருக்கிறது. 2010 டிசம்பரில், இணையப் பெயர்களைப் பிட்காயினிலேயே பதிவு செய்யலாமே என்ற யோசனை எழுந்தபோது, எல்லாவற்றையும் ஒரே தரவுத்தொகுதியில் திணித்தால் தாங்காது என்று சடோஷி எதிர்த்தார். பழக்கமான வடிவங்களில் அமைந்த பரிவர்த்தனைகளை மட்டும் கடத்தும் உள்விதி மென்பொருளில் வந்ததும் அந்த மாதத்தில்தான்.

2012-இல் சடோஷிடைஸ் என்ற சூதாட்டத் தளம், பந்தயத்தில் தோற்றவருக்குத் தகவல் சொல்லவே ஒற்றைச் சடோஷியை அனுப்பி பிளாக்குகளை நிறைத்தது. மறு ஆண்டில், மிகச் சிறு தொகையைச் சுமந்த வெளியீடுகள் (பரிவர்த்தனையில் காசு போய்ச் சேரும் பகுதிகள்) கொண்டவற்றைக் கடத்தக் கூடாது என்ற உள்விதி வந்தது. அதே 2013-இல், பிட்காயின் வெள்ளையறிக்கையின் பிடிஎஃப் கோப்பையே ஒருவர் துண்டு துண்டாக நறுக்கி, பல கையொப்ப முகவரிகளில் சாவிகள் இருக்க வேண்டிய இடத்தில் திணித்து, 900-க்கும் மேற்பட்ட வெளியீடுகள் கொண்ட ஒரே பரிவர்த்தனையாக ஏற்றினார். அதைக் கண்டு நெகிழ்பவர்கள் உண்டு. ஆனால் அந்த வெளியீடுகளை எவராலும் செலவழிக்க முடியாது. அவை செலவாகாதவை என்பதைக் கணுவால் அறியவும் முடியாது.

இந்தத் தொல்லைக்கு மாற்றாகத்தான் 2014 மார்ச்சில் வந்த கோர் 0.9 பதிப்பு, ஓபி ரிட்டர்ன் என்ற வெளியீட்டில் 40 பைட் வரை தரவு வைத்தால் கடத்துகிறோம் என்றது. இந்த வகை வெளியீடு செலவழிக்க இயலாதது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுவதால், கணு அதைச் செலவாகாத காசுகளின் பட்டியலில் சேர்ப்பதில்லை. வீட்டுக்குள் குப்பை கொட்டுகிறவரைத் தடுக்க முடியாவிட்டால் வாசலில் ஒரு தொட்டியாவது வைப்போம் என்ற எண்ணம் அது. கவுண்டர்பார்ட்டி போன்ற டோக்கன் திட்டங்கள் கூடுதல் இடம் கேட்டுச் சண்டையிட்டன. அடுத்த ஆண்டில் வரம்பு 80 பைட் ஆனது.

அப்படியானால் 80 பைட் வரம்பு இருக்கும்போது பெரிய படங்கள் எப்படி உள்ளே வந்தன?

அவை ஓபி ரிட்டர்ன் வழியாக வரவே இல்லை. 2017 ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வந்த செக்விட் மாற்றம், கையொப்பங்களை விட்னஸ் என்ற தனிப் பகுதிக்கு நகர்த்தி, அந்தப் பகுதியின் ஒவ்வொரு பைட்டுக்கும் நான்கில் ஒரு பங்கு எடையே கணக்கிட்டது. 2021 நவம்பரில் செயல்பாட்டுக்கு வந்த டேப்ரூட், விட்னஸில் வைக்கும் ஸ்கிரிப்ட்டுக்கு, அதாவது காசைச் செலவழிக்கும் நிபந்தனையைச் சொல்லும் சிறு நிரலுக்கு, இருந்த பழைய அளவு வரம்பை நீக்கியது. தனித்தனியே இரண்டும் நல்ல காரணங்களுக்காகச் செய்யப்பட்டவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் கேசி ரோடார்மர். அவருடைய ஆர்டினல்ஸ் மென்பொருள் 2023 ஜனவரியில், விட்னஸில் படம் போன்ற கோப்புகளைப் பதியும் இன்ஸ்கிரிப்ஷன்களைத் தொடங்கிவைத்தது.

ஒரு இன்ஸ்கிரிப்ஷனைத் திறந்து பார்த்தால் அமைப்பு எளிது. முதல் பரிவர்த்தனை, ஒரு ஸ்கிரிப்ட்டுக்குக் கட்டுப்பட்ட டேப்ரூட் முகவரிக்குச் சிறு தொகை அனுப்புகிறது. இரண்டாவது பரிவர்த்தனை அந்தத் தொகையைச் செலவழிக்கும்போது ஸ்கிரிப்ட்டை விட்னஸில் வெளியிடுகிறது. அந்த ஸ்கிரிப்ட்டுக்குள் “பொய் என்றால், பின்வருவதைச் செய்” என்ற பொருளில் ஒரு நிபந்தனை இருக்கும். பொய் ஒருநாளும் மெய்யாகாது. ஆகவே நிபந்தனைக்குள் இருப்பது ஒருபோதும் இயக்கப்படாது. இயக்கப்படாத அந்தப் பையில், கோப்பின் வகையைச் சொல்லும் ஒரு குறிப்பும், அதைத் தொடர்ந்து படத்தின் பைட்டுகள் 520 பைட்டுக்கு மிகாத துண்டுகளாகவும் அடுக்கப்பட்டிருக்கும். சரிபார்க்கும் கணு இதைத் தாண்டிப் போய்விடுகிறது, கையொப்பத்தை மட்டும் பார்க்கிறது. 2023 பிப்ரவரி 1 அன்று இப்படி ஒற்றைப் படம் கிட்டத்தட்ட 4 எம்பி அளவுக்கு ஒரு பிளாக் முழுவதையும் நிறைத்தது. அந்தப் பரிவர்த்தனை எந்த மெம்பூல் வழியாகவும் பயணிக்கவில்லை. மைனிங் செய்வோர் கூட்டாக இயங்கும் மைனிங் பூல் ஒன்றிடம் நேரடியாகக் கொடுக்கப்பட்டு ஏறியது.

நாட்ஸ் மென்பொருளைப் பராமரிக்கும் லூக் டாஷ்ஜர் இதை மென்பொருளின் ஓட்டை என்றார். தரவு அளவுக்கான வரம்பை விட்னஸுக்கும் விரிக்க வேண்டும் என்று கோர் திட்டத்தில் முன்மொழிந்தார். பெருத்த வாக்குவாதத்துக்குப் பின் 2024 ஜனவரியில் அந்த முன்மொழிவு ஏற்கப்படாமல் மூடப்பட்டது. நாட்ஸில் அந்த வடிகட்டல் இருக்கிறது.

2025-இல் பிளவு இவ்வளவு கூர்மையானது ஏன்?

ஓபி ரிட்டர்ன் வரம்பை நீக்கும் முன்மொழிவு கோர் திட்டத்தில் வந்ததால். அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது சிட்ரியா என்ற திட்டத்தின் வடிவமைப்பு. அவர்களுக்கு ஒரு பரிவர்த்தனையில் 144 பைட் தரவு வைக்க வேண்டியிருந்தது. 80 பைட்டை ஓபி ரிட்டர்னில் வைத்துவிட்டு, மீதி 64 பைட்டை இரண்டு போலி டேப்ரூட் வெளியீடுகளில் ஒளிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். அந்த இரண்டும் ஒருநாளும் செலவாகாமல் எல்லாக் கணுக்களின் பட்டியலிலும் கிடக்கும். வரம்பு இல்லாவிட்டால் 144 பைட்டும் ஓபி ரிட்டர்னிலேயே அடங்கிவிடும்.

பிட்காயின் கோர் 30, 2025 அக்டோபரில் வெளிவந்தது. அதில் இயல்பு வரம்பு 1,00,000 பைட்டாக உயர்ந்தது. ஒரே பரிவர்த்தனையில் பல ஓபி ரிட்டர்ன் வெளியீடுகளும் அனுமதிக்கப்பட்டன. இதை எதிர்த்தவர்கள் நாட்ஸுக்கு மாறத் தொடங்கினார்கள். ஆண்டு இறுதிக்குள் கண்ணுக்குத் தெரியும் கணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று நாட்ஸ் ஆகியிருந்தது.

முடிவு தொழில்நுட்ப அளவில் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அது சொல்லப்பட்ட விதத்தில் குறை இருந்தது. எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் பெரும்பாலோர் தம் வீட்டில், தம் செலவில், யாரும் கேட்காமலே கணு நடத்துபவர்கள். அவர்களுடைய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிப் பேசியவர்கள், பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த நம்பிக்கையைச் சில வாரங்களில் இழந்தார்கள்.

வடிகட்டினால் ஸ்பேம் நிற்குமா?

கட்டணம் கட்டத் தயாராக இருப்பவரை நிறுத்தாது. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கணு தானாக முன்வந்து எட்டுக் கணுக்களோடு தொடர்பு வைத்துப் பரிவர்த்தனைகளைக் கடத்துகிறது. வலைப்பின்னலில் நூற்றுக்கு 80 கணுக்கள் வடிகட்டுவதாக வைத்துக்கொள்வோம். அந்த எட்டுமே வடிகட்டும் கணுக்களாக அமைய வாய்ப்பு 0.8-இன் எட்டாம் அடுக்கு. அதாவது நூற்றுக்குச் சுமார் 17. நூற்றுக்கு 90 கணுக்கள் வடிகட்டினாலும், கடத்தும் கணு ஒன்றாவது அண்டையில் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 57. இவை தற்செயலான தொடர்புக்கான கணக்கு. ஒத்த விதியுடைய கணுக்களைத் தேடிப் பிடித்து இணையும் லிப்ரே ரிலே போன்ற மென்பொருளும் இருக்கிறது. அது சேர்ந்தால் வழி இன்னும் எளிதாகும். ஆற்றில் நூறு இடத்தில் கல் போட்டாலும், ஒரு மடை திறந்திருந்தால் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கணுக்களைத் தொடவே தொடாத வழியும் உண்டு. மாரா என்ற மைனிங் நிறுவனம் 2024-இல் தொடங்கிய ஸ்லிப்ஸ்ட்ரீம் சேவையில், வழக்கத்துக்கு மாறான பரிவர்த்தனையை மைனிங் செய்பவரிடம் நேராகவே கொடுத்துவிடலாம்.

இதைவிடத் தெளிவான சோதனை 2025 நடுப்பகுதியில் தானாகவே நடந்தது. ஒரு விபைட்டுக்கு (எடையைக் கொண்டு கணக்கிடும் பரிவர்த்தனை அளவின் அலகு) ஒரு சடோஷிக்குக் குறைவான கட்டணம் கொண்ட பரிவர்த்தனையைக் கடத்தக் கூடாது என்பது அதுவரை ஏறக்குறைய எல்லாக் கணுக்களிலும் இருந்த இயல்பு உள்விதி. அதில் அணிப் பிரிவினையும் இல்லை. ஆயினும் சில மைனிங் பூல்கள் அத்தகைய பரிவர்த்தனைகளை ஏற்கத் தொடங்கியதும், வரம்பைத் தாழ்த்திக்கொண்ட சிறு பங்குக் கணுக்கள் வழியாகவே அவை பிளாக்குகளை நிறைத்தன. கோர் கடைசியில் இயல்பு வரம்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. ஏறக்குறைய எல்லோரும் வைத்திருந்த வடிகட்டியே தாங்காதபோது, ஒரு பகுதியினர் வைக்கும் வடிகட்டி தாங்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

நாட்ஸ் தரப்பின் வலுவான வாதம் எது?

“முழுதாக நிறுத்தாவிட்டாலும் உராய்வை உண்டாக்கும்” என்பது. 80 பைட் வரம்பு இருந்த காலத்தில் அதை மீறிய ஓபி ரிட்டர்ன்கள் மிகவும் அரிதாகவே இருந்தன. வடிகட்டி வேலை செய்ததற்கு அதுவே சான்று என்கிறார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மைனிங் செய்பவரைத் தேடிப் போய்க் கொடுப்பது தொல்லைதான்; தொல்லை சிலரைத் தடுக்கும்.

ஆனால் அந்த அரிதுக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஓபி ரிட்டர்னில் ஒரு பைட்டுக்கு முழு எடை. விட்னஸில் கால் பங்கு. தரவு சுமார் 143 பைட்டைத் தாண்டினாலே இன்ஸ்கிரிப்ஷன் மலிவாகிவிடுகிறது. பெரிய கோப்பு வைக்க விரும்புகிறவர் வரம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விலையுயர்ந்த வழியைத் தேடமாட்டார்.

அவர்களுடைய இரண்டாவது வாதம் எனக்கு முதலாவதைவிடக் கனமாகப் படுகிறது. மென்பொருளின் இயல்பு அமைப்பு ஓர் அறிவிப்பும் ஆகும். பிட்காயின் எதற்காக இருக்கிறது என்பதை அது சொல்லாமல் சொல்கிறது. வரம்பைத் தூக்குவது, தரவுக் கிடங்காகப் பயன்படுத்துவோருக்கு வரவேற்பு வளைவு கட்டுவதைப் போல் ஆகிவிடாதா என்று கேட்கிறார்கள். இதற்குப் பைட் கணக்கில் பதில் இல்லை. பணமாகப் பயன்பட வேண்டும் என்பதற்காகவே கணு நடத்தும் ஒருவர் இப்படிக் கேட்பது நியாயம்.

வடிகட்டுவதால் யாருக்காவது தீங்கு உண்டா?

உண்டு, அது உடனே கண்ணில் படாது. புதிய பிளாக் கண்டுபிடிக்கப்பட்டதும் அதிலுள்ள ஒவ்வொரு பரிவர்த்தனையையும் முழுதாக அனுப்புவதில்லை. 2016 முதல் காம்பாக்ட் பிளாக் என்ற முறையில், பரிவர்த்தனைகளின் சுருக்க அடையாளங்கள் மட்டும் வருகின்றன. கணு தன் மெம்பூலில் ஏற்கெனவே இருப்பவற்றை எடுத்துப் பிளாக்கைத் தானே கட்டிக்கொள்கிறது. வடிகட்டிய பரிவர்த்தனைகள் மெம்பூலில் இல்லாததால், “இவற்றைக் கொடு” என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. பிளாக் பரவுவது தாமதமாகிறது. தாமதத்தில் இழப்பவர் சிறிய மைனிங் பூல். பெரிய பூலுக்குத் தன் பிளாக் தன்னிடமே இருப்பதால் பாதிப்புக் குறைவு. தரவைத் தடுக்க நினைத்துச் செய்வது, மைனிங் சிலர் கைக்குள் குவிய உதவிவிடக் கூடும். நேரடிச் சேவைகள் பெருகுவதும் அதே திசையில்தான் தள்ளுகிறது.

கட்டண மதிப்பீடும் பிசகும். அடுத்த பிளாக்கில் இடம் பிடிக்கப் போட்டியிடும் பரிவர்த்தனைகளில் பாதியைப் பார்க்காத கணு, சரியான கட்டணத்தைச் சொல்ல முடியாது.

மூன்றாவது, குறி தவறும் ஆபத்து. 2023 இறுதியில் ஓஷன் என்ற மைனிங் பூல், நாட்ஸின் 42 பைட் வரம்போடு இயங்கியபோது, சாமுராய் வாலட்டின் அந்தரங்கக் காசுக் கலப்புப் பரிவர்த்தனைகள் அந்த வரம்பைச் சற்றே மீறியதால் அவையும் விடுபட்டன. அவை யாருடைய கணக்கிலும் படமல்ல, பணப் பரிவர்த்தனைதான். அந்தரங்கத்தைக் காக்கும் கருவிகள் இயல்பாகவே வழக்கத்துக்கு மாறான தோற்றம் கொண்டவை. தோற்றத்தை வைத்து வடிகட்டும் எதுவும் முதலில் அவற்றின் மேல்தான் விழும்.

எந்த வகைத் தரவு கணுவை அதிகம் பாதிக்கிறது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பிளாக்குகள் வட்டில் கிடக்கின்றன. 2025 இறுதியில் அவற்றின் மொத்த அளவு சுமார் 700 ஜிபி. ஒவ்வொரு பிளாக்கும் முழு 4 எம்பியாக வந்தாலும் ஆண்டுக்கு 210 ஜிபி அளவுதான் கூடும். வட்டு மலிவாகி வருகிறது. வேண்டாதவர் பழைய பிளாக்குகளை அழித்துவிடும் புரூன் முறையில் கணுவை நடத்தலாம். மேலும், விட்னஸில் இருக்கும் படத்தின் பைட்டுகளைச் சரிபார்க்கக் கணுவுக்கு ஏறக்குறைய உழைப்பே இல்லை. முன்பு சொன்ன 4 எம்பி படம் பார்வைக்குப் பெரிது, சுமையில் சிறிது.

செலவாகாத வெளியீடுகளின் பட்டியல் வேறு வகை. இப்போது யாரிடம் எந்தக் காசு இருக்கிறது என்பதன் முழுப் பதிவு அது. ஒவ்வொரு புதிய பரிவர்த்தனையிலும் கணு இதைத்தான் தேடிப் பார்க்கிறது. இதைப் புரூன் செய்ய முடியாது. ஒன்றை நீக்கினாலும் பிறகு அந்தக் காசு செலவாகும்போது கணு தடம்புரளும். 2023 தொடக்கத்தில் இந்தப் பட்டியலில் 8 கோடிக்குச் சற்று மேற்பட்ட பதிவுகள் இருந்தன. 2025-இல் 16 கோடிக்கும் மேல். இரண்டே ஆண்டுகளில் இப்படி இரட்டிப்பானதற்குப் பெரிய காரணம் படங்கள் அல்ல. 2023 மார்ச்சில் தோன்றிய பிஆர்சி-20 டோக்கன்கள், சில வரி எழுத்தைப் பதிவதற்காக ஒவ்வொரு முறையும் 546 அல்லது 330 சடோஷி கொண்ட ஒரு குட்டி வெளியீட்டை விட்டுச்சென்றன.

அப்படிப்பட்ட ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். 546 சடோஷி கொண்ட டேப்ரூட் வெளியீட்டைச் செலவழிக்கப் பரிவர்த்தனையில் சுமார் 58 விபைட் இடம் வேண்டும். கட்டண வீதம் 10 சடோஷி என்றால் 580 சடோஷி செலவு. உள்ளே இருப்பதைவிட எடுக்கும் செலவு அதிகம், யார் எடுப்பார்? அது அங்கேயே கிடக்கும். நினைவகம் குறைந்த சிறு கணினியில், சுழலும் வட்டை வைத்துக்கொண்டு, முழுச் சங்கிலியையும் பதிவிறக்கிப் புதிதாக ஒத்திசைக்க முயன்றவர்களுக்கு இதன் வலி தெரியும். பட்டியல் நினைவகத்தில் அடங்காமல் போனதும், ஒவ்வொரு தேடலும் வட்டுக்குப் போய்வருகிறது. வட்டின் ஊசி இரவும் பகலும் இரைந்துகொண்டே இருக்கும், சதவிகிதம் மட்டும் நகராது.

பிட்காயின் ஸ்டாம்ப்ஸ் என்ற திட்டம் இன்னும் மோசம். மூன்று சாவிகள் கொண்ட பல கையொப்ப வெளியீட்டில் இரண்டு சாவிகளின் இடத்தில் படத்தின் துண்டுகளை வைத்து, அழிக்க முடியாமையையே சிறப்பாக விளம்பரப்படுத்தினார்கள். ஓபி ரிட்டர்ன் கதவை அடைத்தால் தரவு போகும் இடம் இதுதான் என்பதே கோர் தரப்பின் வாதத்தில் என்னை ஒப்புக்கொள்ள வைத்த பகுதி.

கட்டணமே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்கிறார்களே?

பெருமளவு சரிசெய்யும், ஆனால் விலையைச் சிறு தொகை வைத்திருப்போர் கொடுக்கிறார்கள். 2023 மே மாதத்தில் சில பிளாக்குகளில் கட்டணம், பிளாக் ஒன்றுக்கு மைனிங் செய்பவருக்குக் கிடைக்கும் அப்போதைய 6.25 பிட்காயின் வெகுமதியையே தாண்டியது. 2024 ஏப்ரல் 20 அன்று, வெகுமதி பாதியான அதே பிளாக்கில் ரூன்ஸ் டோக்கன்கள் தொடங்கியபோது, அந்த ஒரு பிளாக்கின் கட்டணம் மட்டும் 37 பிட்காயினுக்கு மேல். சாதாரணமாகப் பணம் அனுப்ப 140 விபைட் ஆகும் என்றால், வீதம் 300 ஆகும்போது 42,000 சடோஷி கட்ட வேண்டும். தன்னிடமே 30,000 சடோஷிதான் இருக்கிறது என்பவர் அன்று காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த அலைகள் வடிந்ததும் கட்டணம் மீண்டும் அடிமட்டத்துக்கு வந்தது என்பதும் உண்மை. டோக்கன் மோகத்தை அடக்கியது எந்த வடிகட்டியும் அல்ல. அதை வாங்கியவர்களின் நட்டம்.

சட்டவிரோதமான கோப்பை யாராவது ஏற்றிவிட்டால் கணு நடத்துபவர் சிக்குவாரா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். பொதுவான பதில் சொல்வது பொறுப்பல்ல. தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை, எந்தத் தரவையும் யாரும் ஏற்றக்கூடிய நிலை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. கோர் 30 அதைப் புதிதாக உண்டாக்கவில்லை. ஓபி ரிட்டர்னில் கோப்பு உடையாமல் ஒரே தொடர்ச்சியாக இருக்குமே, அது வேறுபாடு அல்லவா என்ற கேள்வி நேர்மையானது. 2024 அக்டோபரில் வந்த கோர் 28 முதல், புதிதாகத் தொடங்கும் கணுக்களில் பிளாக் கோப்புகள் ஒரு சாவியால் கலைக்கப்பட்டே வட்டில் எழுதப்படுகின்றன. வைரஸ் தடுப்பு மென்பொருள் தவறாகப் பிடிப்பதைத் தவிர்க்க இது உதவும்.

உள்விதி போதாதென்றால், கன்சென்சஸ் விதியாலேயே தடை செய்தால் என்ன?

2025 அக்டோபரில் அப்படியொரு முன்மொழிவு வந்தது: சுமார் ஓராண்டுக்கு மட்டும், வெளியீடுகளின் அளவையும் விட்னஸில் வைக்கும் தரவுத் துண்டுகளின் அளவையும் குறுக்கும் ஒரு சாஃப்ட் ஃபோர்க் (பழைய கணுக்களும் ஏற்கும்படி விதிகளை இறுக்கும் மாற்றம்). வடிகட்டல் தரப்பின் நிலைப்பாட்டில் இது தர்க்கரீதியாக ஒத்துப்போகும் படி என்று நான் மதிக்கிறேன். வடிகட்டி பிளாக்கைத் தடுக்காது என்பதை ஒப்புக்கொண்டு, தடுக்கக்கூடிய இடத்துக்கு அது விவாதத்தைக் கொண்டுவந்தது.

ஆனால் இரண்டு தடைகள் தெரிகின்றன. சாவி, கையொப்பம், முகவரி எல்லாமே கண்ணுக்குத் தாறுமாறான பைட்டுகள்தான். அவற்றின் இடத்தில் தரவை ஒளித்தால் எந்த விதியாலும் பிரித்தறிய முடியாது. இன்ஸ்கிரிப்ஷன் கதவு மூடினால் ஒரு பகுதித் தரவு போலி முகவரிகளுக்குத் தாவும். அதாவது, மிகத் தீங்கான இடத்துக்கு. அடுத்தது, இன்று யாரோ நீண்ட ஸ்கிரிப்ட் ஒன்றுக்குள் தம் சேமிப்பைப் பூட்டி வைத்திருந்தால், புதிய விதி அதைத் திறக்க விடாமல் செய்துவிடலாம். வெளியே தெரியாத ஸ்கிரிப்ட்டைப் பற்றி முன்கூட்டியே உறுதி சொல்ல முடியாது. விதிவிலக்குகளைச் சேர்க்கலாம், சேர்க்கச் சேர்க்க விதி சிக்கலாகும். விரும்பாத படத்தைச் சகிப்பதைவிட, ஒருவருடைய காசு முடங்கும் வாய்ப்பை ஏற்பது எனக்குப் பெரிய விலையாகத் தோன்றுகிறது.

என் கணுவில் நான் என்ன செய்யலாம்?

எந்த மென்பொருளை நடத்துவது என்பது உங்கள் உரிமை. அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கோர் 30-இலேயே டேட்டாகேரியர்சைஸ் என்ற அமைப்பை 83 (80 பைட் தரவும் 3 பைட் முன்குறிப்பும்) என்று எழுதினால் பழைய வரம்பு திரும்ப வந்துவிடும். நாட்ஸ் நடத்த விரும்பினால், அதைப் பராமரிப்பவர்கள் மிகச் சிலர் என்பதையும், புதிய பதிப்பைச் சரிபார்க்கும் கண்கள் குறைவு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மைனிங் செய்பவராக இருந்தால், பிளாக்கில் எதை ஏற்றுவது என்பதை உங்களிடமே விடும் டேட்டம் அல்லது ஸ்ட்ராட்டம் வி2 முறையை ஏற்கும் பூலைப் பாருங்கள். உங்கள் விருப்பத்துக்கு உண்மையான பலன் கிடைக்கும் இடம் அதுதான்.

வட்டு இடம் போதவில்லை என்றால் புரூன் அமைப்பை 550 என்று வைக்கலாம். பிளாக்குகள் சுமார் 550 எம்பிக்குள் நிற்கும். செலவாகாத வெளியீடுகளின் பட்டியல் மட்டும் குறையாது. அதற்காகத் திடநிலை வட்டு ஒன்றையும், முதல் ஒத்திசைவின்போது டிபிகேஷ் அமைப்புக்குக் கணினி தாங்கும் அளவு நினைவகத்தையும் ஒதுக்குங்கள். கட்டணம் தாழ்ந்திருக்கும் நாள்களில், உங்கள் வாலட்டில் சிதறிக் கிடக்கும் சிறு தொகைகளை ஒரே வெளியீடாகச் சேர்த்துவிடுங்கள். ஒரே முகவரியின் கீழ் ஏற்கெனவே தொடர்புபடுத்தப்பட்டவற்றை மட்டும் சேர்த்தால் அந்தரங்கமும் கெடாது. அப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு பத்து வெளியீட்டுக்கும், உலகிலுள்ள எல்லாக் கணுக்களின் பட்டியலிலிருந்தும் ஒன்பது பதிவுகள் நீங்கும்.